ஆடி ஆர்8 வி10 பிளஸ்: எஞ்சின் இன்னொரு காருக்கும் பொதுவானதாக இருந்தால் என்ன?

இந்தக் காரைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அது லம்போர்கினி ஹுரகான் எஞ்சின்தானே, இதற்கு எதற்கு இவ்வளவு விலை?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். எஞ்சின் ஒன்றுதான், மறுக்கவில்லை. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத 5.2 லிட்டர் வி10, அதாவது பத்து சிலிண்டர் எஞ்சின், இரண்டிலும் 610 குதிரைத்திறன். ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கொடுக்கிற காசுக்குத் தகும்.

முதுகுக்குப் பின்னால் அந்த எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்றைத் தாண்டும்போது, கனத்த உறுமல் மெலிந்து கூர்மையாகி, தகரத்தைக் கிழிப்பது போல ஒரு சத்தமாக மாறும். பெடலை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுக்கு உடனே பதில் வரும், துளி தாமதம் கிடையாது. அப்புறம் அதே காரிலேயே ஊருக்குள் அலுப்பில்லாமல் மெதுவாகவும் போகலாம்.

ஒரு காருக்கென்றே செய்த தனி எஞ்சினுக்கு மதிப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். லெக்ஸஸ் தன் எல்எஃப்ஏ காருக்காக யமஹாவோடு சேர்ந்து செய்த 4.8 லிட்டர் வி10, ஐடிலிலிருந்து (கார் நிற்கும்போது ஓடும் மெதுவான வேகம்) 9,000 சுற்றை 0.6 நொடியில் தொடும். சுற்றைக் காட்டும் முள் ஈடுகொடுக்காது என்று டிஜிட்டல் மீட்டர் வைத்தார்கள். 500 கார்தான் செய்தார்கள். சரி, மெக்லாரன் எஃப்1 கார்? அதன் வி12 எஞ்சினை மெக்லாரன் செய்யவில்லை, பிஎம்டபிள்யூ செய்து கொடுத்தது. அப்படியிருந்தும் 2021இல் அந்தக் கார் ஒன்று 2 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது.

ஆர்8இல் எனக்கு உறுத்துவது வேறு. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் 12.3 அங்குலத் திரை, விலை குறைந்த ஆடி டிடியில் வந்த அதே திரை. ஓட்டும்போதெல்லாம் கண் முன்னால் நிற்பது அதுதான். அதையாவது இந்தக் காருக்கென்று தனியாகச் செய்திருக்க வேண்டும்.