மார்த்தாண்டம் பக்கம் கரண்ட் அடுப்பு ரிப்பேருக்குக் கொடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

1,850 ரூபாய். நேற்று சாயங்காலம் மூன்றாவது தடவையாகப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். கோபம் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது 2000 வாட் ஜி காயில் அடுப்பு, அதாவது வட்டமாகச் சுற்றிய காயில் மேலேயே பாத்திரம் வைக்கிற கரண்ட் அடுப்பு. மரச்சீனிக் கிழங்கு, சம்பா அரிசி மாதிரி நேரம் எடுத்து வேகிறவற்றுக்கெல்லாம் அதுதான். எட்டு வருஷம் உழைத்த காயில், போன மாதம் ஒரு இடத்தில் கொப்புளம் மாதிரி வீங்கி வெடித்துவிட்டது. காயில் முனை சொருகுகிற பீங்கான் கனெக்டரும் கருகியிருந்தது.

மார்த்தாண்டத்தில் மிக்சி, கிரைண்டர், அடுப்பு எல்லாம் ரிப்பேர் பார்க்கிற ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். "எந்த ஊரு அக்கா?" என்றார். கருங்கல் என்றதும், "நம்ம மைனி வீடு அங்கதான்! அப்ப நீங்க வேற ஆளா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஃபேனை என் பக்கம் திருப்பி, பையனை விட்டுச் சாயாவும் வாங்கித் தந்தார். அந்தச் சாயாவைக் குடித்தபிறகு பில் கேட்க எனக்குக் கூச்சமாகிவிட்டது. "கம்பெனி காயில், கனெக்டர், உள்ளே சூடு தாங்குற வயரு, எல்லாம் புதுசு. ரெண்டு வருஷத்துக்கு நான் கேரண்டி" என்றார். 1,850 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். தொகையை மட்டும் எழுதி ஒரு துண்டுச் சீட்டு தந்தார்.

வீட்டில் மரச்சீனி வைத்தால் முக்கால் மணி நேரமாகியும் நடுவே கட்டியாகவே கிடக்கிறது. மூன்றாம் நாள் பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். அன்றைக்கே ஈரக்கையோடு பாத்திரத்தைத் தொட்ட அம்மாவுக்குக் கரண்ட் அடித்தது. அம்மாவுக்கு 72 வயசு!

பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் தம்பி பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடுப்பைக் கவிழ்த்துத் திறந்தான். கனெக்டர் பழையதேதான், கருகிய இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். உள்ளே சாதாரண வீட்டு வயர், மேல் உறை உருகிக் கம்பி தெரிகிறது. பச்சை எர்த் வயர் எதிலும் மாட்டாமல் தொங்குகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தான். 230 வோல்ட்டில் 2000 வாட் காயில் என்றால் 26 ஓம் அளவில் காட்ட வேண்டுமாம். காட்டியது 53. ஓம் இரண்டு மடங்கானால் வாட் பாதியாகிவிடுமாம், அதாவது இது 1000 வாட் காயில். கிழங்கு எப்படி வேகும்?

முதல் தடவை போனபோது, "உங்க ஊர்ல வோல்டேஜ் கம்மி அக்கா" என்றார். இரண்டாம் தடவை, வேலை பார்த்த பையன் லீவாம், நாளைக்கு வரச் சொன்னார். நேற்று அக்காவும் இல்லை, ஸ்டூலும் இல்லை. "எலக்ட்ரிக் சாமானுக்கு யாரும்மா கேரண்டி தருவா? பில் இருக்கா?" போனும் எடுப்பதில்லை. 1,850 ரூபாய் போனது ஒரு பக்கம், அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

இந்த மாதிரிக் கடைகளில் கொடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. இவ்வளவு மட்டும்: மாற்றுகிற ஒவ்வொரு சாமானும் வாட்டோடு பில்லில் வர வேண்டும். கழற்றின பழைய காயிலையும் கனெக்டரையும் கையோடு வாங்கிவிடுங்கள். எர்த் மாட்டியிருப்பதைக் கண்ணால் பார்க்காமல் அடுப்பைத் தூக்காதீர்கள். 2000 வாட் அடுப்பை 16 ஆம்ப் பிளக்கில் மட்டும் போடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915. துண்டுச் சீட்டையும் அந்தக் கருகின கனெக்டரையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். காலையில் கூப்பிடப் போகிறேன்.