கூடலூர் குளிரில் பிரெஞ்ச் பிரஸ்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

பிரெஞ்ச் பிரஸ் என்பது காப்பிப் பொடியைச் சுடுதண்ணீரில் ஊறவிட்டு, தண்டின் நுனியில் உள்ள வலையைக் கீழே அழுத்தி வடிக்கும் குடுவை. பால் காப்பிக்காக அதை வாங்க நினைத்தால், வேண்டாம். பித்தளை ஃபில்டரில் இறங்குவது கெட்டி டிகாக்‌ஷன், மூன்று பங்கு பால் ஊற்றினாலும் தாங்கும். பிரஸ்ஸில் வருவது அப்படியே குடிக்கிற பதத்தில் உள்ள காப்பி. அதில் பாலை விட்டால் சப்பென்று ஆகிவிடும். எங்கள் வீட்டில் காலையில் அம்மாவுக்கு ஃபில்டர், சாயங்காலம் எனக்குப் பிரஸ். இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன.

பால் விடாத கட்டங்காப்பி குடிக்கிறவர் என்றால் தயங்காமல் வாங்கலாம். எங்கள் ஊர் நீலகிரிக் கூடலூர்; நாடுகாணிப் பக்கம் இறங்கினால் மலப்புரம், பாட்டவயல் தாண்டினால் வயநாடு. அதனால் கட்டங்காப்பி குடிக்காத வீடு குறைவு. தண்ணீரில் பொடியும் வெல்லமும் போட்டுக் கொதிக்க விடுவார்கள். மழைக்கு அது நன்றாகவே இருக்கும். என்ன, கொதிக்கக் கொதிக்கக் கசப்பு ஏறும், அதை வெல்லம் மறைக்கும். பிரஸ்ஸில் பொடி கொதிப்பதே இல்லை, ஊறுகிறது. நான் சர்க்கரையை விட்டது அதனால்தான்.

காசை இந்தக் குடுவையில் கொட்டுவதைவிட, பொடியில் கவனம் வையுங்கள். ஃபில்டருக்கு அரைத்த பொடி இதற்கு ஆகாது. வலையின் கண்களில் புகுந்து அடைத்துக்கொள்ளும், தண்டு பாதியிலேயே நிற்கும். அப்போது பலமாக அழுத்தினால் சுடுதண்ணீர் மூடியோரம் பீறிட்டுக் கையைப் பதம் பார்க்கும். ரவையைவிடக் கொஞ்சம் பெரிதாக அரைக்க வேண்டும். பஜாரில் நான் வாங்கும் கடையில் முதல்முறை இப்படிக் கேட்டபோது, "இது அரைச்ச மாதிரியே இல்லையே சார், நாளைக்குத் திருப்பிக் கொண்டுவந்துராதீங்க" என்றார் கடைக்காரர். இப்போது என்னைப் பார்த்ததுமே மில்லின் திருகைத் தளர்த்திவிடுகிறார்.

சிக்கரி கூடவே கூடாது. காப்பி–சிக்கரி கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கச் சட்டமே அனுமதிக்கிறது. பாக்கெட்டின் பொடி எழுத்தைப் படித்து வாங்குங்கள். கொட்டையைப் பொறுத்தவரை, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய வயநாட்டு ரொபஸ்டா எங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. அதை மட்டும் போட்டால் எனக்குக் கொஞ்சம் முரட்டுத்தனம். அராபிகாவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கஃபீன் வேறு, ராத்திரி தூக்கம் போய்விடும். முக்கால் பங்கு அராபிகா, கால் பங்கு ரொபஸ்டா, ரொம்பக் கருக்காத வறுவல் என்பது என் கணக்கு.

இனி போடும் முறை. 500 மில்லி தண்ணீருக்கு 30 கிராம் பொடி. தண்ணீர் 92 முதல் 96 டிகிரி இருக்க வேண்டும் என்பார்கள். கூடலூர் சுமார் 1000 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் கொதிப்பதே 97 டிகிரி வாக்கில்தான். அடுப்பை அணைத்த கையோடு ஊற்றிவிடுவேன், தெர்மாமீட்டர் தேவைப்பட்டதில்லை. கோழிக்கோடு, சென்னைக்காரர்கள் அரை நிமிடம் பொறுங்கள்.

ஊற்றியதும் பொடி மேலே வந்து தடித்த ஏடாகக் கட்டும். புதிதாக வறுத்தது என்றால் ஏடு உப்பி அங்கங்கே குமிழ் விடும். பழைய பொடி அசையாமல் கிடக்கும், கடைக்காரர் சொல்லும் வறுத்த தேதியைவிட இதைத்தான் நம்புவேன். 4 நிமிடம் கழித்துக் கரண்டியால் அந்த ஏட்டை உடைத்தால் பெரும்பகுதி பொடி அடியில் போய் உட்காரும். மிதக்கும் நுரையை வழித்து எறிந்துவிடுங்கள். பெரும்பாலோர் அழுத்துவது இந்த இடத்தில்தான். நான் இன்னும் 5 நிமிடம் சும்மா விடுகிறேன். அப்புறம் தண்டை அடிவரை தள்ளாமல், வலை காப்பியின் மேல்பரப்பைத் தொடும்வரை மட்டும் இறக்கி, மெதுவாகச் சாய்த்து ஊற்றுகிறேன். அடியில் படிந்ததைக் கலக்காததால் கப்பில் மண்டி வெகுவாகக் குறைகிறது. கடைசி வாய் மட்டும் யாருக்கும் வேண்டாம், கீழே விட்டுவிடுங்கள். மீதிக் காப்பியைப் பிரஸ்ஸிலேயே வைத்தாலும் கசந்துபோகும், ஃப்ளாஸ்க்குக்கு மாற்றிவிட வேண்டும்.

பராமரிப்பு என்று பார்த்தால் வலைதான் தொல்லை. மரையைக் கழற்றினால் தட்டு, வலை, வளையம் தனித்தனியாக வரும். வெறுமனே குழாயில் காட்டி வைத்தால் காப்பியின் எண்ணெய் இடுக்கில் தங்கி, சில நாளில் சிக்கு வாடை அடிக்கும். வாரம் ஒருமுறை சோடா உப்புக் கரைத்த வெந்நீரில் ஊறப்போடுகிறேன். வலையின் ஓரம் பிரிந்தால் பொடி கசியும், உடனே மாற்றிவிட வேண்டும். என் முதல் பிரஸ்ஸுக்கு மாற்றுக் குடுவை எங்கேயும் கிடைக்கவில்லை, விற்றவரும் கைவிரித்துவிட்டார். கண்ணாடி உடைந்ததோடு அதன் கதை முடிந்தது. இப்போது இருப்பது இரட்டைச் சுவர் ஸ்டீல். ஜூலை மழையில் காப்பி ஆறாமல் இருப்பதற்கே அதற்குக் கொடுத்த காசு தகும். பொடி ஏடு கட்டுவதைப் பார்க்க முடியாது, அது ஒரு குறை. அளவு பார்க்கும்போது கவனம், பெட்டியில் "8 கப்" என்று போட்டிருப்பது 1 லிட்டர் குடுவை. அவர்கள் கணக்கில் ஒரு கப் 120 மில்லிதான்.

கொலஸ்ட்ரால் உள்ளவர்களுக்கு ஒன்று. காப்பி எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். காகித வடிகட்டி அதைப் பெரும்பாலும் பிடித்துவிடும், உலோக வலை விட்டுவிடும். அப்பாவுக்குப் போடும் நாளில் மட்டும் பிரஸ்ஸிலிருந்து காகிதம் விரித்த கூம்பு வழியாக இன்னொரு தடவை வடிக்கிறேன். ருசி கொஞ்சம் இளைக்கும். அவர் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.