மாஸ்லாக் வினாத்தாள்: மூத்த புரோகிராமர்களுக்கு உதவுமா?

வேலைச் சோர்வை அளக்கும் மாஸ்லாக் வினாத்தாளில் புரோகிராமர்களுக்குப் பொருந்துவது பொதுப் பதிப்புதான். மொத்தம் 16 வாக்கியங்கள்: களைப்புக்கு 5, வேலைமீதான விட்டேற்றிக்கு 5, திறன் உணர்வுக்கு 6. ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது என்று 0 முதல் 6 வரை குறிக்க வேண்டும். பத்து நிமிடம் போதும்.

மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக்குவதுதான் பலர் செய்யும் தவறு. அனுபவசாலிக்குக் கை பழகியிருப்பதால் திறன் மதிப்பெண் உயர்ந்தே நிற்கும். விட்டேற்றி மட்டும் ஏறும். சக ஊழியரின் நிரலைச் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவில் படிக்காமலே ஒப்புதல், டிசைன் கூட்டத்தில் மௌனம் என்று அது வெளிப்படும். கூட்டிவிட்டால் இது மறைந்துபோகும். எனவே முதலில் விட்டேற்றியைப் பாருங்கள்.

மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் வாரத்தில் நிரப்ப வேண்டாம், களைப்பு மிகையாகத் தெரியும். பெயரை எழுதச் சொல்லி மேலாளர் கேட்டால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள், அது நியாயமும்கூட.

பெரிய குறை, காரணத்தை இது சொல்லாது. இரவு ஆன்-கால் (அவசரப் பழுதுக்கான முறைப்பணி) அழைப்புகள், கூட்டங்களால் துண்டான நேரம் ஆகியவற்றை இரண்டு வாரம் தனியே குறித்துவையுங்கள். உரிமக் கட்டணமும் உண்டு. சோர்வை அளக்கும் இன்னொரு கருவியான கோபன்ஹேகன் வினாத்தாள் இலவசம், 19 கேள்விகள். ஆனால் வாடிக்கையாளர் பற்றிய 6 கேள்விகள் பலருக்குப் பொருந்தாது.