மீன் பெட்டிக்கு முன் காட்போட் பெட்டி: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

மட்டக்களப்பு கல்லடியில், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் மீன் விற்பவர்களுக்குப் பெட்டி வடிவமைப்பது என் தொழில். தகரத்தில் கை வைக்கும் முன் காட்போட் மட்டையையும் ஒட்டுநாடாவையும் கொண்டு முழு அளவில் ஒரு மாதிரி செய்துவிடுவேன். பல ஆண்டுகளாக இதுவே என் வழக்கம்.

இந்த முறையை நான் விடாததற்குக் காரணம் முகத்தாட்சண்யம். நேர்த்தியாக அச்சிட்ட வரைபடத்தை நீட்டினால், "நன்றாக இருக்கிறது, தம்பி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மட்டைப் பெட்டிக்கு அந்தத் தயக்கம் கிடையாது. ஒரு வியாபாரி மீன் வெட்டும் கத்தியாலேயே முன்பக்கச் சுவரைத் தாழ்வாக அறுத்துக் காட்டினார். "இவ்வளவு உயரம் இருந்தால் அடியில் கிடக்கும் இறாலை எப்படி அள்ளுவது?" என்றார். எந்தக் கேள்வித்தாளாலும் அந்தப் பதிலை வாங்கியிருக்க முடியாது.

பாரத்தைப் பார்ப்பதும் எளிது. 1 லீட்டர் தண்ணீர் 1 கிலோ. பெட்டிக்கு அடியில் பலகை வைத்து, தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கினால், மீனும் ஐஸும் ஏறியபின் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்குமா, சாயுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

விவரக்குறிப்பை இதற்குப் பிறகே உறுதிசெய்கிறேன். "நல்ல மூடி வேண்டும்" என்ற வரியை வைத்துப் பட்டறைக்காரர் எதையும் செய்ய முடியாது. "ஒரு கையால் திறக்க வேண்டும்; திறந்தபின் தானாக நிற்க வேண்டும்" என்று எழுதினால் செய்யவும் முடியும், சரிபார்க்கவும் முடியும். கட்டாயம் வேண்டியவற்றையும் இருந்தால் நல்லது என்பவற்றையும் தனித்தனியாக எழுதுவேன். விலை பேசும்போது எதைக் குறைக்கலாம் என்ற சச்சரவே வராது.

1996இல் வெளிவந்த பாம் பைலட் கையடக்கக் கணினிக்கும் முன்னோடி ஒரு மரத்துண்டுதான். அந்தக் கணினியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் அந்த மரத்துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார்.

குறைகளும் உண்டு. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் காட்போட் ஈரத்தை இழுத்துத் தளர்ந்துவிடும். அளவை நம்ப முடியாது. அப்போது ரெஜிபோம் எனப்படும் வெண்ணிற நுரைத் தகடுகளுக்கு மாறுகிறேன். அவற்றை மடிக்க முடியாது, வெட்டினால் துகள் பறக்கும். ஐஸ் எத்தனை மணிநேரம் தாங்கும், மூலையில் தண்ணீர் கசியுமா, கழுவியபின் வாடை போகுமா என்பவற்றுக்கு மட்டை மாதிரியிடம் பதில் இல்லை. அவற்றுக்கு எதிரே "இன்னும் பரிசோதிக்கவில்லை" என்று விவரக்குறிப்பில் எழுதி, உண்மையான தகரத்தில் ஒரேயொரு பெட்டி செய்து, உள்ளே ஐஸ் நிரப்பி வெயிலில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றுக்கு ஓடர் எடுக்கிறேன்.