கும்பகோணத்தில் ரெடிமேட் ‘எழுத்தாளர் ஒப்பந்தம்’: வாங்கலாமா?

நீதிமன்றத்தை ஒட்டிய தட்டச்சுக் கடை ஒன்றில் வாடகை ஒப்பந்தம் போலவே ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் ஒப்பந்தமும் இப்போது தயாராகக் கிடைக்கிறது. பெயர், தொகை, தேதி சொன்னால் அரை மணி நேரத்தில் பத்திரத்தாளில் அடித்துத் தருகிறார்கள். தமிழும் பிழையில்லாமல் இருக்கிறது. பாராட்டு அதோடு சரி.

முதல் பத்தி ‘சுயதொழில் ஒப்பந்ததாரர்’ என்கிறது. மூன்றாவதில் ‘மாதச் சம்பளம்’. ஐந்தாவதில் ‘காலை 10 முதல் மாலை 6 வரை தொடர்பில் இருக்க வேண்டும்’, அடுத்ததில் ‘வேறு யாருக்கும் எழுதக் கூடாது’. வேலை வாங்கும்போது பண்ணையாள், பி.எஃப். கேட்டால் குத்தகைக்காரர்! இந்த வித்தியாசத்தைத் தஞ்சைச் சீமைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்கென்றே 1952இல் இங்கே தனிச் சட்டம் வந்தது.

தாளில் என்ன பெயர் போட்டாலும் நீதிமன்றம் நடப்பைத்தான் பார்க்கும். நேரத்தை யார் குறிக்கிறார், கருவி யாருடையது, சரியில்லை என்று திருப்பித் தரும் அதிகாரம் யாரிடம்? சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் (1973) உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய தையல்காரர்களையும் ஊழியர்கள் என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. சொல்லுக்கு இத்தனை பைசா என்று வாங்குவதால் மட்டும் ஒருவர் சுயதொழிலர் ஆகிவிட மாட்டார்.

பெரிய ஓட்டை பதிப்புரிமையில். ‘எல்லா உரிமையும் நிறுவனத்துக்கே’ என்று ஒரே வரி. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது பொதுவாக முதலாளிக்குச் சேரும் (பத்திரிகை ஊழியருக்கு விதி கொஞ்சம் வேறு). வெளியிலிருந்து எழுதித் தருபவருடையது, அவர் எழுத்து மூலம் கையெழுத்திட்டு மாற்றித் தரும்வரை அவருக்கே சொந்தம். மாற்றித் தரும்போது காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும். இந்தப் படிவத்தில் இரண்டும் இல்லை. நிரந்தரமாக வாங்கிவிட்டோம் என்று நினைக்கும் நிறுவனமும் ஏமாறும், மொத்தமும் போய்விட்டது என்று நினைக்கும் எழுத்தாளரும் ஏமாறுவார்.

‘சம்பளம்’ என்ற சொல் வரியிலும் குழப்பும். தொழில்முறைக் கட்டணம் என்றால் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டும்போது 10 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், பான் எண் தராவிட்டால் 20. சம்பளத்துக்குக் கணக்கே வேறு.

செயலி, இணையத் தளம் வழியாக வேலை எடுப்பவர்களுக்கு இந்தப் படிவம் உதவாது. 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அப்படிப்பட்ட தளங்களை ஏழாம் அட்டவணையில் பட்டியலிடுகிறது; உள்ளடக்கம், ஊடகச் சேவைத் தளங்களும் அதில் உண்டு. அது தனிக் கதை.

நாம் சொல்வதைக் கடைக்காரர் மறுக்காமல் அடித்துத் தருகிறார். ஆகவே நேரக் கட்டுப்பாட்டையும் பிறருக்கு எழுதத் தடையையும் எடுக்கச் சொல்லுங்கள். ‘கட்டுரைக்கு இவ்வளவு, ஒப்படைத்த 30 நாளில் பணம், திருத்தம் இரண்டு முறை, பாதியில் கைவிட்டால் பாதித் தொகை’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். முதலில் வெள்ளைத்தாளில் வரைவு எடுத்துப் படியுங்கள். பத்திரத்தாளில் அடித்தபின் திருத்தம் என்றால் புதுத் தாளுக்குக் காசு உங்களுடையது.