மியூனிக்கா, ஆகனா?

அக்கா மகனுக்கு ஜெர்மனியில் இரண்டு இடங்களில் முதுகலை சீட் கிடைத்திருக்கிறது. ஒன்று மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், இன்னொன்று ஆகன் நகரத்து ஆர்டபிள்யூடிஎச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். மேலூர்ப் பக்கத்து வயலை விற்றுவிடலாமா என்று மச்சான் யோசிக்கிறார்.

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்பது மியூனிக்கில் பழைய கதை. 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேரும் மாணவர்களிடம் அங்கே கட்டணம் வாங்குகிறார்கள். முதுகலை என்றால் படிப்பைப் பொறுத்து செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. இவனுக்கு 6,000. நாலு செமஸ்டருக்கு 24,000. யூரோவை 100 ரூபாய் என்று வைத்தாலே 24 லட்சம். வீட்டு வாடகையும் அந்த ஊரில் கொள்ளை.

ஆகனில் இவன் படிப்புக்குக் கட்டணமே இல்லை. செமஸ்டருக்கு 300 யூரோ சொச்சம் கட்டினால் போதும், பஸ் ரயில் பாஸும் அதிலேயே அடக்கம். (அங்கேயே தனி அகாடமி நடத்தும் முதுகலைகளுக்குப் பணம் உண்டு. கடிதத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன், இவனுடையது அதில்லை.)

விசாவுக்காக ஒரு வருடச் செலவுக்கென்று வங்கிக் கணக்கில் முடக்கிக் காட்ட வேண்டிய 11,904 யூரோ இரண்டுக்கும் பொது. மியூனிக்கின் பெயர் பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆகனும் பொறியியலில் சளைத்ததில்லை. வயலை விற்க வேண்டாம் மச்சான் என்று சொல்லிவிட்டேன்.