14,500 ராண்ட் போச்சு: டர்பனில் பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போகட்டும் விடு" என்று இருந்துவிடுவேன். பழுதான லென்ஸை என் தலையில் கட்டிய அந்த ஆள் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

பழைய கேமரா, லென்ஸ் வாங்கி விற்கிற கடை. ஆன்லைனிலும் விளம்பரம் போடுவார்கள். பெயர் சொல்லப்போவதில்லை, விஷயம் கோர்ட்டுக்குப் போகப்போகிறது. அங்கேதான் நிக்கான் 200-500 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ் ஒன்றை 14,500 ராண்டுக்கு வாங்கினேன். 2015-ல் வந்த மாடல், 2.3 கிலோ கனம், தூக்கிக்கொண்டு நடந்தால் தோள் கழன்றுவிடும். ஆனாலும் பறவை, விலங்கு படம் எடுக்கிற நம் போன்ற சம்பளக்காரர்களுக்கு அவ்வளவு தூரம் எட்டுகிற லென்ஸ் வேறு எங்கே கட்டுப்படியாகிறது?

கடைக்காரர் நம்மாள். "வணக்கம் அண்ணா" என்றுதான் ஆரம்பித்தார். "எங்க ஆயா வீட்ல தமிழ் மட்டும்தான் பேசுவாங்க" என்று அரைகுறைத் தமிழில் சொல்லி டீ வரவழைத்தார். சுவரில் டர்பனின் பிஜன் வேலிக் காட்டில் அவரே எடுத்த படங்கள். குளிர்காலத்தில் அந்தக் காட்டுக்கு வந்து தரையில் சருகைக் கிளறுமே, மார்பெல்லாம் புள்ளி போட்ட த்ரஷ், அது கண்ணில் ஒளி மின்ன நிற்கிறது. அந்தப் பறவைக்கு எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று படம் எடுக்கிறவனுக்குத் தெரியும். சருகு மேல் படுத்துக் கிடக்கிற மனுஷன் இன்னொரு படக்காரன் தலையில் கை வைப்பானா என்றுதான் தோன்றியது. நம்பிக்கை வந்தது அந்தப் படத்தைப் பார்த்த இடத்தில்தான், லென்ஸைப் பார்த்து இல்லை.

அப்புறம் லென்ஸை என் கேமராவிலேயே மாட்டினார். வாசலில் நின்று எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை ஒரு கிளிக். திரையில் பெரிதாக்கிக் காட்டினார், எழுத்து கத்தி மாதிரி இருந்தது. "ஒரே ஓனர் அண்ணா. பிரிக்கவே இல்லை. நானே செக் பண்ணினேன்." நின்ற இடத்திலேயே போனில் ஈஎஃப்டி (வங்கிப் பணமாற்றம்) போட்டேன். 14,500 ராண்ட். பணம் ஏறிவிட்டது என்று அவர் போன் ஒலித்ததும் பில் வந்தது.

லென்ஸை எடுத்துக்கொண்டு மகூசி வனவிலங்குக் காப்பகம் போனேன். என்2 சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல். மழையில்லாத குளிர்காலத்தில் குமசிங்கா ஹைட்டில் (மறைந்திருந்து விலங்கு பார்க்கிற குடிசை) உட்கார்ந்தால் விலங்குகள் தண்ணீர் குடிக்கத் தாமாகவே வரும், நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தால் போதும். நியாலா மான் கூட்டம் வந்தது. ஆண் கருஞ்சாம்பல், பிடரியும் கழுத்தும் மயிர் தொங்க, கால் மட்டும் மஞ்சள். பின்னாலேயே செம்பழுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட பெண்கள். எல்லாம் வரிசையாகத் தண்ணீரில் வாய் வைத்தன. இப்படி ஒரு வரிசை எப்போதும் அமையாது. அறைக்கு வந்து லேப்டாப்பில் திறந்தால் வலப்பக்க நியாலாவின் இமைமயிர் எண்ணலாம், இடப்பக்கம் நிற்பது எல்லாம் கஞ்சி. எந்தப் படத்தை எடுத்தாலும் இடப்பக்கம் கஞ்சிதான். வெளிச்சத்துக்கு எதிராகக் கற்றாழைப் பூவில் தேன்சிட்டை எடுத்தவை இன்னும் மோசம், பால் ஊற்றியது மாதிரி வெளுத்துக் கிடந்தன.

கடைக்காரர் எடுத்த பெயர்ப்பலகைப் படம் கார்டிலேயே இருந்தது. விவரத்தைப் பார்த்தேன்: 200 மில்லிமீட்டர், எஃப்/11. 500-க்கு இழுக்கவே இல்லை. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் புகுகிற துளையை, அவ்வளவு சுருக்கினால் பாதிப் பழுது மறைந்துவிடும் என்று லென்ஸ் விற்கிறவருக்குத் தெரியாதா?

டர்பன் திரும்பியதும் வேறொரு ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். பின்பக்கத்திலிருந்து சின்ன டார்ச் அடித்துக் காட்டினார். உள் கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடு நோக்கி மெல்லிய வெள்ளை இழைகள், கிளை கிளையாக. பூஞ்சை. கேமராவில் மாட்டுகிற மவுண்டைச் சுற்றியுள்ள திருகுகளில் இரண்டின் தலை வழுக்கிப் பளபளத்தது. "கீழே விழுந்திருக்கு, யாரோ பிரிச்சுத் திரும்ப மாட்டியிருக்காங்க, உள்ளே ஒரு கண்ணாடி சாய்ஞ்சிருக்கு" என்றார். பிரிக்கவே இல்லையாம்!

சரி, கடைக்கு வாட்ஸ்ஆப் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. போன் செய்தால் "கேமராவில் ஃபோகஸ் ஃபைன் டியூன் பண்ணுங்க அண்ணா". ஃபைன் டியூன் செய்தால் ஃபோகஸ் மொத்தமாக முன்னே பின்னே நகரும், ஒரு பக்கம் மட்டும் மங்குவதை அது எப்படிச் சரிசெய்யும்? அடுத்த முறை "டர்பன் ஈரம், ஃபங்கஸ் உங்க வீட்டில் வந்திருக்கும்". வாங்கின சூட்டோடு மகூசி போய் வந்த லென்ஸில் இவ்வளவு கிளை விடுமா? திருகு வழுக்கியதும் டர்பன் ஈரத்தாலா? நேரில் போனால் கல்லாவில் இருந்த பெண் பாஸ் கேப்டவுன் போயிருக்கிறார் என்கிறாள், உள்ளறையில் அவர் குரல் கேட்கிறது. கடைசியாக வந்த மெசேஜில் அண்ணாவும் இல்லை, தமிழும் இல்லை: பில்லைப் பாருங்கள், ஃபூட்ஸ்டூட்ஸ். பில்லின் அடியில் எறும்பு எழுத்தில் இருக்கிறது, உள்ளது உள்ளபடி விற்பனை என்று.

அந்த வரி அவரைக் காப்பாற்றாது. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56-ஆம் பிரிவு. வியாபாரமாக விற்கிறவர் பழைய பொருள் விற்றாலும் பழுது இருந்தால் 6 மாதத்துக்குள் திருப்பலாம். ரிப்பேரா, மாற்றா, பணமா என்பதை வாங்கினவர் சொல்ல வேண்டும். இன்ன பழுது என்று முன்பே தெளிவாகச் சொல்லி நாம் ஒத்துக்கொண்டு வாங்கியிருந்தால்தான் கதை வேறு. எனக்கு டீ கொடுத்தார், பழுதைச் சொல்லவில்லை. 14,500 ராண்ட் என்பதால் 20,000 வரை விசாரிக்கிற சிறு வழக்கு நீதிமன்றமே போதும், வக்கீல் வேண்டாம். 14 நாள் கெடு வைத்துக் கடிதம் கொடுத்துவிட்டேன்.

விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. டார்ச் கொண்டு போங்கள். அதிக ஜூமில், அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, செங்கல் சுவரை நேராக எடுத்து நான்கு மூலையையும் பாருங்கள், கேமராத் திரையில் இல்லை, லேப்டாப்பில். திருகுத் தலைகளைப் பாருங்கள். "செக் பண்ணினேன்" என்றால் அதையே பில்லில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். தனி ஆளிடம் வாங்கினால் இந்த 56-ஆம் பிரிவு உதவாது, அங்கே இன்னும் உஷார்.

அதே லென்ஸை அவர் இதற்கு முன்பும் யாருக்காவது விற்றுத் திரும்ப வாங்கியிருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். பில் இருந்தால் இன்னும் நல்லது.